தகவல் தந்தவர்: தாத்தா

மனித உடலில் உரம் என்று ஓர் உறுப்பு கிடையாது, அண்ணாச்சி. இதை மிகுந்த பொறுப்புணர்வோடு சொல்கிறேன். உரம் என்று ஒரு தசை கிடையாது, நரம்பு கிடையாது, எலும்பு கிடையாது. இல்லாத ஒன்று விழவும் முடியாது. வயலுக்குப் போடுகிற உரம் உண்டு. நெஞ்சில் உரம் என்று மேடையில் பேசுவார்கள், அதுவும் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இந்த பஸ்ஸில் நமக்கு முன் சீட்டு அம்மாள் இப்போது சொன்னார்களே, "பிள்ளை இப்படி அழுகான், உரம் விழுந்திருக்கும்" என்று, தூக்கினதில் எங்கோ பிசகிவிட்டது என்ற அர்த்தத்தில், அந்த உரம் எந்தப் பாடநூலிலும் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் விலங்கியல் நடத்தியவன் சொல்கிறேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டது தெரிகிறது. பரவாயில்லை. காதுக்கு இமை கிடையாது, அதுவும் விலங்கியல்தான்.

மடியில் இருக்கிற ஃபைலைப் பார்த்து இன்ஷூரன்ஸ்காரன் என்று பயந்துவிட்டீர்களோ? இது ஒரு மனு. நான்கு பக்கம். ஒரே ஒரு வரியைத் திருத்தச் சொல்லி. ஒரு வரிக்கு நான்கு பக்கமா என்று கேட்கிறீர்கள். அந்த வரியைக் கேட்டால் நாற்பது பக்கம் எழுதியிருக்கலாமே என்பீர்கள். வருகிறேன், அதற்குத்தான் வருகிறேன்.

என் பெயர் அழகியநம்பி. சங்கரன்கோவில். ஒரே மகள், இளவேனில்; வேனில் என்றுதான் கூப்பிடுவேன். கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்தேன்; மருமகனுக்கு ஓசூரில் வேலை. அவள் அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. தலைப்பிரசவம் என்றதும் சம்மந்தி அம்மாள், பெயர் சண்முகக்கனி, போனில் கேட்டார்: "பிள்ளை பெத்தவள உங்க வீட்ல யாரு பாக்கது சம்மந்தி? பொம்பளைன்னு ஒரு ஆள் இல்லையே?"

"புத்தகங்கள் இருக்கின்றன" என்றேன்.

"அப்ப நானும் வாரேன்" என்றார். வந்தார். கையில் ஒரு பை. பை நிறைய பழைய நூல் சேலைகள். அதில் ஒன்று எதற்கு என்று அப்போது நான் கேட்கவில்லை.

பேரன் பிறந்தான். சுகப்பிரசவம், மூன்று கிலோ நூறு கிராம், பிறந்தவுடன் வீறிட்டான். எல்லாம் விதிப்படி. பத்து நாள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. ராத்திரியெல்லாம் விழித்திருப்பான், பகலெல்லாம் தூங்குவான். ஆந்தை இனத்துக்கு இது முற்றிலும் இயல்பு.

பதினோராம் நாள் காலையில் வேனில் வந்து நின்றாள். "அப்பா, வலது காலை நீட்டினா அழுதான். ஈரத்துணி மாத்தும்போது பாத்தேன்."

அப்போது நான் என்ன சொன்னேன் என்பது முக்கியம். பிறந்த சில வாரங்களுக்குக் குழந்தைகளுக்குக் கண்ணீர் வராது, ஆகவே அதை அழுகை என்பதைவிடக் கத்தல் என்பதே சரி என்றேன். கண்ணீர்ச் சுரப்பி பற்றியும் கொஞ்சம் சொன்னேன். கொஞ்சம் என்றால், இருபது நிமிஷம். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். என் வகுப்பில் பிள்ளைகள் நிற்கும் அதே நிலை. பிறகு உள்ளே போய்விட்டாள். விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

மத்தியானம் சம்மந்தி தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இது உரம். குளிப்பாட்டும்போது யாரோ ஒருக்களிச்சுத் தூக்கிருக்கா." அந்த வீட்டில் குளிப்பாட்டுகிறவர் அவர் ஒருவர்தான். அதை நான் சுட்டிக்காட்டியிருக்க வேண்டியதில்லை; சுட்டிக்காட்டினேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாலு தெரு தள்ளி இருக்கிற பொன்னுத்தாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உரம் எடுப்பதில் நிபுணர். எப்படி எடுப்பார்கள் தெரியுமா? தெரியும் என்கிறீர்கள். உங்களுக்கும் எடுத்திருக்கிறார்களா? பாருங்கள், அதனால்தான் கேட்கிறேன். குழந்தையைச் சேலையின் நடுவில் கிடத்துவது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்குவது. பிறகு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். குழந்தை உள்ளே உருளும். மூன்றாவது உருட்டலில் அழுகை நின்றுவிடும். பயத்தில் நிற்கிறது என்பது என் கருத்து. உரம் போய்விட்டது என்பது அவர்கள் கருத்து.

நான் பேரனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடுவீட்டில் நின்றேன். எதிரே சம்மந்தி ஒரு முனை, பொன்னுத்தாய் ஒரு முனை, நடுவில் காலிச் சேலை. மீன் பிடிக்க வந்தவர்கள் மாதிரி.

"பிள்ளையைக் குடுங்க சம்மந்தி."

"உரம் எந்தத் தசையில் விழுந்திருக்கிறது? பெயர் சொல்லுங்கள், தருகிறேன்."

"பேரு சொன்னாத்தான் வலிக்குமா? பச்சப்புள்ள துடிக்குது, இவரு பரிச்ச வைக்காரு!"

"மனித உடலில் அறுநூற்றுச் சொச்சம் தசைகள்..."

"வாத்தியாரே," என்றார் பொன்னுத்தாய், "எனக்கு சோறு வடிக்கணும். எடுக்கணுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்றேன். அவர் சேலையை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அறிவியல் வென்றது. குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

இந்த இடத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் டாக்டரே சொன்னார்: உருட்டாமல் விட்டது நல்லது, உருட்டியிருந்தால் பெரிய ஆபத்து. யார் உருட்ட விடவில்லை? இதை எங்காவது எழுதியிருக்கிறார்களா? இல்லை. எழுதியது வேறு ஒன்று.

சரி, உரம் இல்லை என்றால் என்ன? அதைச் சொல்வதும் என் கடமைதானே. பிறந்த அன்று தடுப்பூசி போடுகிறார்கள், தொடையில். ஆகவே ஊசி வலி. எவ்வளவு எளிமை, எவ்வளவு அழகு! உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். நானே கொடுத்தேன். ஒத்தடம் அறிவியலா என்று கேட்காதீர்கள். வெப்பத்தால் ரத்தக் குழாய் விரியும். பதினொன்றாம் வகுப்பு.

அதோடு விட்டேனா? தெர்மாமீட்டர் வைத்தேன். மூன்று மணிக்கு ஒரு முறை, அக்குளில். வரைபடத் தாள் வாங்கி, கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் வெப்பநிலை. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டரை, தொண்ணூற்றெட்டு. கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல் நேராகப் போனது. காய்ச்சல் இல்லை, காய்ச்சல் இல்லையென்றால் கிருமி இல்லை, கிருமி இல்லையென்றால் நோய் இல்லை. சம்மந்தியிடம் தாளைக் காட்டினேன். "இதுல பிள்ள எங்க?" என்று கேட்டார். கேள்வி புரியவில்லை என்று விட்டுவிட்டேன்.

தாளின் வலது ஓரத்தில் "குறிப்பு" என்று ஒரு பத்தி வைத்திருந்தேன். முறையான பதிவு என்றால் குறிப்புப் பத்தி இருக்க வேண்டும். அதில் நடப்பவற்றை எல்லாம் எழுதினேன். பால் குடிப்பது குறைவு. கரண்ட் போனது. சம்மந்தி என்னோடு பேசவில்லை. இப்படி.

அடுத்த நாளும் வேனில் வந்தாள். "அப்பா, வலது கால்தான். இடது காலை என்ன செஞ்சாலும் சும்மா இருக்கான். வலது கால் மடங்கியே கிடக்கு."

"ஊசி போட்ட கால் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

ஒரு நிமிஷம். முன் சீட்டு அம்மா, உங்கள் குழந்தை இரண்டு காலையும் உதைக்கிறதா? உதைக்கிறதல்லவா. கொஞ்சம் நீட்டிப் பாருங்கள், மெதுவாக. சிரிக்கிறதா? அப்படியானால் வாயு. ஓமத்தண்ணீர்... இல்லையம்மா, நான் டாக்டர் இல்லை. சும்மா ஒரு கருத்து. சரி, நீங்கள் டாக்டரிடமே காட்டுங்கள்.

எங்கே விட்டேன்? பதினாலாம் நாள். கிராமச் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டிய நாள். பச்சைக் குழந்தையை இன்னின்ன நாளில் வந்து பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. வாசலில் ஸ்கூட்டி நின்றது. பார்த்தால் எஸ்தர்! எஸ்தர் பாக்கியம். என்னிடம் படித்த பெண். விலங்கியலில் முப்பத்தெட்டு மதிப்பெண். இரட்டைச் சுற்றோட்டத்தின் படத்தில் இதயத்தைத் தலைகீழாக வரைந்தவள்.

"சார், நல்லா இருக்கீங்களா? பேரனா? எங்க, பாப்போம்."

"ஒன்றுமில்லை எஸ்தர், ஊசி வலி. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்" என்று வரைபடத் தாளைக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கினாள், பார்த்தாள், பாயில் வைத்தாள். அதன்மேல் தன் பையை வைத்தாள்.

பிறகு அவள் செய்ததைக் கேளுங்கள். குழந்தையின் துணியை எல்லாம் கழற்றினாள். பாயில் மல்லாக்கக் கிடத்தினாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தொடவில்லை. பேசவில்லை. ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்து அவனைப் பார்த்தாள்.

"என்ன எஸ்தர், ஜெபமா?" என்று கேட்டேன். நகைச்சுவையாகத்தான்.

"கால பாருங்க சார்."

பார்த்தேன். இடது கால் உதைத்துக்கொண்டே இருந்தது. வலது கால் தவளைக் கால் மாதிரி மடங்கிக் கிடந்தது. ஒரு முறைகூட அசையவில்லை. அவள் அந்த வலது முழங்காலை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக நீட்டப் பார்த்தாள். அவன் போட்ட சத்தத்தில் சம்மந்தி அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தார். அடிவயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே இருக்கிற மடிப்பில் விரலை வைத்தாள். "இங்க வீங்கியிருக்கு. லேசாத்தான். சூடாவும் இருக்கு."

"ஊசி..." என்றேன்.

"எத்தனை நாளா சார் இப்படி?"

"மூன்று நாள். அதாவது, ஊசி போட்டு..."

"ஊசி போட்டுப் பதினாலு நாளாச்சு. ஊசி வலி ரெண்டு நாளைக்கு மேல இருக்காது." அவள் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கி, விரித்து, என் பக்கம் திருப்பினாள். "அதுவும் இடது தொடையிலதான் போட்டிருக்கு. இவன் அழுவுறது வலது கால் சார்."

அட்டை அத்தனை நாளும் அலமாரியில்தான் இருந்தது. என் அலமாரியில், என் புத்தகங்களுக்கு நடுவில், அகரவரிசையில்.

அப்போதும் நான் கேட்டேன், காய்ச்சல் இல்லையே எஸ்தர் என்று. பச்சைக் குழந்தைக்கு உள்ளே சீழே வைத்திருந்தாலும் காய்ச்சல் காட்டாமல் இருக்கலாம் என்றாள். "பால் சரியா குடிக்கல, ஒரு கால அசைக்கல. இது போதும் சார், இப்பவே கிளம்புங்க." போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குப் பேசிவிட்டாள். முப்பத்தெட்டு மதிப்பெண், அண்ணாச்சி!

திருநெல்வேலியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை. பெயர் வேண்டாம், மனு போகப்போகிற இடம். டாக்டர் பர்வீன் என்று ஒருவர். கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசுகிறவர். குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "சொல்லுங்க, என்ன ஆச்சு?" என்றார்.

நான் சொன்னேன். முறைப்படி ஆரம்பத்திலிருந்து. கருவுற்ற காலம், பிரசவம், எடை, உரம் என்ற மூடநம்பிக்கையின் தோற்றமும் பரவலும், வரைபடத்தின் அச்சுகள். வெப்பநிலையின் சராசரியையும் சொன்னேன், இரண்டு தசமத் திருத்தமாக. நடுவில் அவர் தாளில் ஏதோ எழுதினார். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தலைகீழாகப் படிப்பது எங்களுக்குக் கைவந்த கலை. முப்பத்தொரு வருஷம் தேர்வுக் கண்காணிப்பு. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தமிழில் சொல்கிறேன்.

தகவல் தந்தவர்: தாத்தா. நம்பகத்தன்மை: குறைவு.

இதுதான் அந்த வரி.

கேட்டு விசாரித்துவிட்டேன். குழந்தைகளுக்கு வாய் இல்லை அல்லவா, அதனால் நோய் விவரத்தை யார் சொன்னார்கள், அவர் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று முதலிலேயே எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். எல்லாருக்கும் எழுதுவார்களாம். ஆனால் குறைவு! எனக்கு! காய்ச்சல் அளந்து வரைபடம் போட்டு எத்தனை தாத்தாக்கள் வருகிறார்கள் என்று கேட்கிறேன்.

பிறகு டாக்டர் என் தாளைக் கையில் எடுத்தார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கோட்டை அவர் பார்க்கவே இல்லை. குறிப்புப் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். கரண்ட் போனது, சம்மந்தி பேசவில்லை, எல்லாவற்றையும் தாண்டி ஓர் இடத்தில் விரல் நின்றது. பேனாவால் வட்டம் போட்டார். கீழே இன்னொரு வட்டம். அதற்கும் கீழே இன்னொன்று.

"வலது காலை நீட்டினால் கத்தல். தாய் கூறுவது." மூன்று இடத்தில் என் கையெழுத்தில் எழுதியிருந்தது.

"அம்மா எங்க?" என்று கேட்டார். வேனில் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை பெற்றுப் பதினாலே நாள் ஆனவள். ஒரே நாற்காலி, அதில் நான் இருந்தேன். "நீங்க உக்காந்து சொல்லுங்கம்மா" என்றார். நான் எழுந்தேன். அவள் நான்கே வாக்கியம் சொன்னாள். என்றைக்கு, எந்தக் கால், என்ன செய்தால், எவ்வளவு பால். தாளில் அடுத்த வரி விழுந்தது. தகவல் தந்தவர்: தாய். நம்பகத்தன்மை: நன்று. நான்கு வாக்கியத்துக்கு நன்று!

ரத்தம் எடுத்தார்கள். இடுப்பு மூட்டில் சீழ் இருக்குமோ என்றுதான் டாக்டருக்கு முதல் பயம். அல்ட்ரா சவுண்ட் வைத்துப் பார்த்தார்கள். மூட்டு சுத்தம். கருவியைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார்கள், அடிவயிற்றுக்கு. அங்கே இருந்தது. முதுகெலும்பின் பக்கத்தில் தொடங்கி, வயிற்றின் பின்புறமாகவே இறங்கி, தொடை எலும்பில் போய் முடிகிற ஒரு தசை. காலை மடக்குகிற வேலை அதனுடையது. அதற்குள் சீழ், ஒரு கோலிக்குண்டைவிடப் பெரிய பை. தசைக்குள் சீழ் கட்டும்போது அதை நீட்டினால் உயிர் போகிற வலி. அதனால்தான் பேரன் காலை மடக்கியே வைத்திருந்தான். பதினெட்டு வருஷ அனுபவத்தில் பச்சைக் குழந்தையில் இது மூன்றாவது என்றார் டாக்டர். அவ்வளவு அபூர்வம். எங்கள் தெருவில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. நான் விசாரித்துவிட்டேன்.

அந்தத் தசையின் பெயர் சோவாஸ். நான் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. பாடத்திட்டத்தில் இல்லை! புஜத் தசை உண்டு, கெண்டைக்கால் தசை உண்டு, தவளைக்கு எல்லாத் தசையும் உண்டு. இது கிடையாது. எங்கள் தெருக் கறிக்கடை காஜா மைதீனுக்குக்கூட இந்தத் தசையைத் தெரியும். ஆட்டில் அதுதான் மிக மெத்தென்ற கறியாம், வேண்டியவர்களுக்கு மட்டும் தனியாக எடுத்து வைப்பாராம். பாடநூல் குழுவில் காஜா மைதீனைப் போட்டிருந்தால் என் பேரனுக்கு மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். இதைப் பற்றித் தனி மனு எழுத இருக்கிறேன்.

கிருமி எப்படிப் போனது? தொப்புள் வழியாகப் போயிருக்கலாம், தோலில் ஒரு சின்னக் கொப்புளம் வழியாகப் போயிருக்கலாம், பல சமயம் தெரியவே தெரியாது என்றார். என் ஒத்தடத்தால் வரவில்லையே என்று கேட்டேன். "அதால வரல. ஆனா குடுத்தது தப்பு" என்றார். சுருக்கமாகப் பேசுகிறவர்.

அன்றைக்கே ஊசியைப் படத்தில் பார்த்தபடி உள்ளே விட்டுச் சீழை இழுத்தார்கள். பன்னிரண்டு மில்லி. மூன்று கிலோ உடம்பில் பன்னிரண்டு மில்லி. ஒரு மெல்லிய குழாயை நாலு நாள் உள்ளேயே வைத்திருந்தார்கள், மிச்சம் வடியட்டும் என்று. சீழைச் சோதனைக்கு அனுப்பி என்ன கிருமி என்று பார்த்து, அதற்கேற்ற மருந்தை நரம்பு வழியாக நான்கு வாரம் ஏற்றினார்கள். நான்கு வாரம்! கையில் நரம்பு கிடைக்காமல் போய், காலில் தேடி, அதுவும் போய், தலையில் ஏற்றினார்கள். வேனில் அந்தக் கட்டில் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் இருந்தாள். நான் வெளியே பெஞ்சில்.

இரண்டாவது நாள் அவளிடம் டாக்டர் சொன்னது கதவிடுக்கில் கேட்டது. "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா மூட்டுக்குள்ள இறங்கியிருக்கும்மா. ரத்தத்திலயும் கலந்திருக்கலாம்." மூட்டுக்குள் இறங்கினால் இடுப்புப் பந்து அரித்துப்போகும், ஆயுசுக்கும் நொண்டல். ரத்தத்தில் கலந்தால்... அதை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

வெளியே வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "நாலு தடவ சொன்னேம்ப்பா."

"மூன்று தடவை" என்றேன். "குறித்து வைத்திருக்கிறேன்."

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? மூன்றுதான். தாளே சாட்சி.

டிஸ்சார்ஜ் அன்று காரை சம்மந்திதான் ஏற்பாடு செய்திருந்தார். கார் கோவில்பட்டிக்குப் போயிற்று. தொட்டிலும் துணிமணியும் அடுத்த வாரம் மருமகன் வந்து எடுத்துக்கொண்டு போனார். நல்ல பையன். "மாமா, வேனில் அங்கயே இருக்கட்டும். அம்மாவுக்கும் துணையா இருக்கும்" என்றார். சம்மந்திக்குத் துணை வேண்டுமாம். அந்த அம்மாளுக்கு! அவர் சத்தத்துக்கே நாலு வீட்டுக்குத் துணை.

முதல் மறுபரிசோதனைக்கு நானும் போனேன். அந்த வரியைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். சுருக்கமாகத்தான் கேட்டேன், வெளியே பதினேழு குழந்தைகள் காத்திருந்ததாக நர்ஸ் சொன்னது மிகை. நம்பகத்தன்மைக்கு அளவுகோல் என்ன, யார் வகுத்தது, மேல்முறையீடு உண்டா? "சார், குழந்தைய பாக்கட்டுமா?" என்றார் டாக்டர். பார்க்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? வேனில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். போகும்போது, "அடுத்த தடவ வியாழக்கிழமைப்பா, நான் சொல்லுதேன்" என்றாள். பாருங்கள், மறக்காமல் சொல்லியும் விட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, வியாழக்கிழமை பதினோரு மணி என்று.

அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன். குழந்தைக்கு நாலு மாசம் ஆகிவிட்டது. இன்றைக்கு இடுப்புக்கு மறுபடியும் ஸ்கேன். முன்பு மூட்டு சுத்தமாக இருந்தாலும், அத்தனை பக்கத்தில் இருந்த சீழ் வளருகிற எலும்பை ஏதாவது செய்திருக்குமா என்று இந்த வயதில்தான் பார்க்க முடியுமாம். இரண்டு காலும் ஒரே நீளமா, பந்து கிண்ணத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா. சரியாக இருந்தால் ஓடுவான். இல்லையென்றால்... நேற்று முழுக்க மனுவை மூன்று முறை திருத்தி எழுதினேன், அண்ணாச்சி. சும்மா இருந்தால் அந்தக் கிண்ணமே கண்ணுக்கு முன்னால் வருகிறது.

இது எந்த ஊர்? வன்னிக்கோனேந்தலா, தேவர்குளமா? தேவர்குளம். சரி. பதினோரு மணிக்கு முன்னால் போய்விடலாம்.

ஒரு நிமிஷம், போன். மகள்தான். புறப்பட்டார்களா என்று தெரியவில்லை.

சொல்லும்மா... கேட்குது, சொல்லு... எப்போ?... நேத்தே போயிட்டு வந்துட்டீங்களா... புதன்கிழமையா... ம்... ம்... ரெண்டு காலும் ஒரே நீளமா? ஸ்கேன்ல பாத்தாங்களா? மூட்டு?... இன்னொரு தடவ சொல்லும்மா... மூட்டு நல்லா இருக்கு. ம். இனி ஒரு வருஷம் கழிச்சு வந்தா போதும்னாங்களா... குப்புற விழுந்துட்டானா! ரெண்டு காலையும் ஊனியா?... இல்லம்மா, தூசி, இருமுறேன்... இல்ல, இல்ல, நீ சொன்னது எனக்குத்தான் தப்பா கேட்டிருக்கும்... வீட்லதாம்மா இருக்கேன்... அதுவா, தெருவுல பஸ் போகுது... சரிம்மா. வை.

அண்ணாச்சி, கண்டக்டரைக் கொஞ்சம் கூப்பிடுங்கள். திருநெல்வேலிக்கு முன்னாலேயே, மானூரில் ஓர் ஆள் இறங்க வேண்டும்.